முடியளவு தோல், வீடளவு வழக்கு

நெல்லின் உமியை மட்டும் உடைத்து எடுத்தால் கிடைப்பது பழுப்பரிசி. அதையே மில்லில் இன்னும் சில சுற்றுகள் தீட்டினால் வெள்ளை அரிசி. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு தோல். உதிர்ந்து விழுந்தால் அதற்குத் தவிடு என்று பெயர். அரிசியின்மேல் ஒட்டியிருக்கும்போது அதன் கனம் ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவுதான். அந்தத் தோலோடு சோறாக்கித் தட்டில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். தாத்தா "மெல்ல முடியலம்மா" என்பார். ரசம் ஊற்றினால் சோறு ஒரு பக்கமும் ரசம் ஒரு பக்கமுமாக நிற்கும். டாக்டர் சொன்னார் என்று ஐந்து கிலோ வாங்கியது வண்டு விழும்வரை டப்பாவிலேயே கிடக்கும்.

இதை வீட்டாரின் பிடிவாதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மறுப்புக்குப் பின்னால் திடமான இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன. மெல்லக் கடினமாக இருப்பது, வேக நேரமெடுப்பது, நாள்பட்டால் வாடை வீசுவது, ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றுவது, நரம்புகளைக் காக்கும் வைட்டமினை வைத்திருப்பது எல்லாமே அந்த ஒரே தோலின் வேலை. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், வீட்டைச் சாப்பிட வைக்கும் வழியும் அதற்குள்ளேயே அகப்படும்.

முதலில் மில்லுக்குப் போவோம். அங்கே இரண்டு ரப்பர் உருளைகள் நெருங்கி நின்று வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. இடையில் விழும் நெல்லின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் இழுபடுகிறது. அந்த இழுப்பில் உமி பிளந்து கழன்றுவிடும், உள்ளே இருக்கும் அரிசி உடையாது. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. மீதியைத் தீட்டும்போது இன்னும் 8 முதல் 10 கிலோ வரை தவிடும் முளைக்கருவுமாக உதிர்கிறது. கடைசியில் சோற்றுப் பானைக்கு வருவது ஏறத்தாழ 70 கிலோ.

உதிர்ந்த அந்தப் பத்து கிலோவுக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. தாவரவியல்படி ஒவ்வோர் அரிசியும் ஒரு முழுப் பழம். அதன் பழத்தோல் மெலிந்து, விதைத்தோலோடு ஒட்டிப்போய்விட்டது. விதைத்தோலுக்கு உள்ளே அலூரோன் அடுக்கு, அதாவது எண்ணெயும் புரதமும் தாது உப்புகளும் நிரம்பிய செல்களின் மெல்லிய வரிசை. அதற்கும் உள்ளேதான் நாம் அரிசி என்று நினைக்கும் வெள்ளை மாவுப் பகுதி. இதில் ஒரு வியப்பு: நெல் முற்றி உலரும்போது மாவுப் பகுதியின் செல்கள் இறந்துவிடுகின்றன. அலூரோன் அடுக்கும் முளைக்கருவும் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அரிசியை வெள்ளையாகத் தீட்டுவது என்றால், உயிருள்ள பகுதியை நீக்கிவிட்டு அது சேர்த்துவைத்த உணவுக் கிடங்கை மட்டும் எடுத்துக்கொள்வது என்று பொருள்.

தோலின் நிறமும் ஒரு தனிக் கதை. காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. நிறமியை உண்டாக்கும் ஆர்சி என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போனதால்தான் உலகின் பெரும்பாலான நெல் ரகங்களின் தோல் நிறமிழந்தது என்று 2006ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். அந்த எழுத்துப்பிழையை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைத்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்களில் அந்தப் பிழை நிகழவில்லை. பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது.

இனி, தாத்தாவின் பல்லுக்கு வருவோம். சோறு வேகிறது என்றால் என்ன? அரிசியின் மாவுச்சத்து மிகச் சிறிய மணிகளாக அடைந்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். நாம் உண்ணும் முக்கியத் தானியங்களில் இவ்வளவு பொடியான மாவு மணி வேறில்லை. நீரும் சூடும் சேர்ந்து கிடைத்தால், ரகத்தைப் பொறுத்து 55 முதல் 79 டிகிரிக்குள் இந்த மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, ஒழுங்கு குலைந்து, மென்மையாகிவிடுகின்றன. இதைப் பசையாதல் என்று சொல்லலாம். கவனியுங்கள், சூடு மட்டும் போதாது. மணி இருக்கும் இடத்துக்கு நீர் போய்ச் சேர வேண்டும். வெள்ளை அரிசியில் நீருக்குத் தடையே இல்லை. முக்கால் மணி நேரம் ஊறினாலே நடுப்பகுதிவரை போய்விடும். பழுப்பரிசியிலோ விதைத்தோலின் மேல் மெழுகுத்தன்மை கொண்ட படலம் இருக்கிறது. மண்ணில் விழும் விதை முதல் தூறலிலேயே நனைந்து அழுகிவிடாமல் இருக்க நெல் செய்துகொண்ட ஏற்பாடு அது. நம் சமையலறையிலும் அது தன் கடமையைச் செய்கிறது.

அதனால் வெளியே சூடு ஏறிவிடும், உள்ளே நீர் வந்திருக்காது. மூடியைத் திறந்தால் சோறு வெந்ததுபோலத் தெரியும். கடித்தால் நடுவில் நறுக்கென்று ஒரு கடினம். பெரும்பாலான வீடுகளில் பழுப்பரிசி தோற்பது இந்த இடத்தில்தான். மருந்து எளிது: நீருக்கு நேரம் கொடுப்பது. இரவே ஊறவையுங்கள், எட்டு மணி நேரமாவது. வெயில் காலத்தில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும். காலையில் ஒரு பங்கு அரிசிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் விட்டு, வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை குக்கரைத் திறக்காமல் வையுங்கள். நன்றாக வெந்த பழுப்பரிசிக்கு ஓர் அடையாளம் உண்டு: தோல் நீளவாக்கில் கிழிந்து உள்ளிருக்கும் வெண்மை வெளியே தெரியும். அது தெரியாத சோற்றைத் தாத்தாவுக்குப் போடாதீர்கள்.

அடுத்தது வாடை. "ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது" என்று பிள்ளைகள் சொன்னால் நம்புங்கள். அவர்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. தவிட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய் அலூரோன் அடுக்கிலும் முளைக்கருவிலும் நுண்துளிகளாகப் பத்திரமாக இருக்கிறது. எண்ணெயை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியோ விதைத்தோல் பக்கத்தில் தனியே இருக்கிறது. நெல்லாக இருக்கும்வரை இரண்டும் அடுத்தடுத்த அறைகளில் ஒன்றையொன்று தொடாமல் வருடக்கணக்கில் கிடக்கும். தீட்டும்போது சுவர் இடிந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. தவிட்டெண்ணெய் ஆலைக்காரர்கள் தவிடு கிடைத்ததும் அவசர அவசரமாகச் சூடுபடுத்துவது இதனால்தான். ஒரே நாளில் அதன் தரம் சரிந்துவிடும்.

பழுப்பரிசியில் இந்த இடிபாடு மெதுவாக நடக்கிறது. உமி நீக்கும்போது விழும் சிறு கீறல்கள் வழியே நொதி எண்ணெயைத் தொடுகிறது. உடைந்த கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஹெக்ஸனால் என்ற பொருளை உண்டாக்குகிறது. பழைய பழுப்பரிசியின் மக்கிய வாடையில் அதற்குப் பெரும் பங்கு. ஆக, பிள்ளைகள் ஒதுக்கியது பழுப்பரிசியை அன்று, பழசாகிப்போன பழுப்பரிசியை. மொத்தமாக மூட்டை வாங்கும் பழக்கம் வெள்ளை அரிசிக்குச் சரி. இதை ஒரு மாதத்துக்குப் போதுமான அளவே, அண்மையில் அரைத்ததாகப் பார்த்து வாங்கி, முடிந்தால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து முகர்ந்தால் வறுத்த கடலையைத் தொட்டுச்செல்லும் மணம் வர வேண்டும். புழுங்கல் பழுப்பரிசி கிடைத்தால் இந்த வகையில் கூடுதல் நன்மை: நெல்லை அவிக்கும் சூட்டிலேயே லைபேஸ் செயலிழந்துவிடுகிறது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை சொன்னது கோழிகள். 1880களின் கடைசியில் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்துப்போய், நடை தளர்ந்து, இதயம் ஓய்ந்துபோகும் நோய். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் ஒருநாள் அதேபோலத் தள்ளாடின. பிறகு தாமாகவே தேறின. காரணம் சமையலறையில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்தார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோறு இந்தக் கோழிகளுக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார். தவிட்டோடு கூடிய மலிவான அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன.

பிறகு அடால்ஃப் வோர்டர்மன் என்ற மருத்துவர் ஜாவாவின் சிறைகளைக் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் என்ற அளவில் பெரிபெரி. தோலோடு கூடிய அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். மாவில் ஒரு நஞ்சு இருப்பதாகவும் தோல் அதை முறிப்பதாகவும் எய்க்மன் நினைத்தார். 1901இல் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ்தான் அதைத் திருப்பிப்போட்டார்: நஞ்சு எதுவும் இல்லை, உடலுக்கு அவசியமான ஏதோ ஒன்று தோலில் இருக்கிறது, அது போய்விட்டால் நோய். 1926இல் யான்சனும் டோனாத்தும் மூட்டை மூட்டையாகத் தவிட்டை வடித்துச் சிட்டிகை அளவு படிகமாக அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின் என்கிற வைட்டமின் பி1. அதன் வேதி அமைப்பைத் தீர்த்து, 1936இல் செயற்கையாகச் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்.

தயமினின் வேலையைக் கேட்டால் நெல்லின் மதிநுட்பம் விளங்கும். மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸை நம் செல்கள் எரித்து ஆற்றலாக்கும் பாதையில் ஒரு முக்கியமான திருப்பத்தில் தயமின் இல்லாமல் வண்டி நகராது. நெல், விறகுக்கட்டை அடுக்கி அதன் மேலேயே தீப்பெட்டியையும் கட்டி வைத்திருக்கிறது. நாம் தீப்பெட்டியை உருவிப் போட்டுவிட்டு விறகை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். உடலின் மொத்தத் தயமின் சேமிப்பு 30 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை; வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தட்டுப்பாடு தொடங்கிவிடும்.

அப்படியானால் நம் ஊரில் ஏன் பெரிபெரி பரவலாக வரவில்லை? இந்தக் கேள்வி மலாயாவில் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மருத்துவராக இருந்த பிராடன், வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மாண்டபோது, பக்கத்திலேயே வேலைசெய்த தமிழர்களை அது ஏறக்குறையத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் இரண்டு அரிசியையும் இரண்டு குழுவினருக்குக் கொடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தோலில் இருக்கும் தயமின் நீரில் கரைந்து உள்ளே இறங்குகிறது; ஆவியில் மாவு பசையாகி இறுகும்போது அது உள்ளேயே சிறைப்படுகிறது. பிறகு தோலைத் தீட்டினாலும் ஒரு பகுதி தப்பிவிடும். பானையில் நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் கை செய்த வேலை அதுதான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆனால் புழுங்கல் காப்பாற்றியது வைட்டமினை. இன்று நம் வீடுகளைப் பிடித்திருக்கும் கவலை சர்க்கரை. அதில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரே ரகத்துப் புழுங்கலரிசியை மூன்று விதமாகத் தயாரித்தார்கள்: தீட்டாதது, எடையில் 2.3 விழுக்காடு மட்டும் தீட்டியது, 9.7 விழுக்காடு முழுசாகத் தீட்டியது. ஒவ்வொன்றுக்கும் கிளைசீமிக் இண்டெக்ஸை அளந்தார்கள். தூய குளுக்கோஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண் அது. தீட்டாத அரிசிக்கு சுமார் 58. முழுசாகத் தீட்டியதற்கு சுமார் 80. சும்மா கொஞ்சம் தீட்டியதற்கு? 73. தோலில் கால்வாசி போனதும் நன்மையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

தோல் ஒரு சுவர் என்பதை நினைவில் வைத்தால் இது புரியும். மாவு மணிகள் உப்புவதை முழுத்தோல் இறுக்கிப் பிடிக்கிறது. வயிற்றில் நொதிகள் நுழைவதையும் தாமதப்படுத்துகிறது. அங்கங்கே உரசி வாசல் திறந்துவிட்டால் நீரும் நொதியும் அந்த வழியே தாராளமாகப் போகும். மிச்சமிருக்கும் சுவர் எவ்வளவு என்பதைவிடச் சுவரில் ஓட்டை விழுந்ததா என்பதே முக்கியம். கடைகளில் "அரை பாலிஷ்", "சிங்கிள் பாலிஷ்" என்று விற்பதைப் பார்க்கும்போது இந்த எண்கள் எனக்கு நினைவுக்கு வரும். பார்வைக்கு நடுவழிபோலத் தெரிகிறது. சர்க்கரையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வெள்ளை அரிசியின் பக்கம்தான். வீட்டுக்காக விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அரிசியில் விட்டுக்கொடுக்காமல் பானையில் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் முடிவு. மூன்று பங்கு வெள்ளை அரிசியோடு ஒரு பங்கு தீட்டாத அரிசி. பழுப்பரிசியை மட்டும் இரவே ஊறவைத்துவிட்டால், காலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வெந்துவிடும். கலந்த சோற்றிலும் அந்த ஒரு பங்கின் தோல் முழுசாகவே இருக்கும். ஒவ்வொரு மாதமும் விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் தாத்தாவின் தாடையும் பழகிக்கொள்ளும்.

அதே நிறுவனம் சென்னை மக்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பழுப்பரிசிச் சோற்றைச் சுவைக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்டு, 2011இல் வெளியிட்டது. பெரும்பாலோருக்கு முதலில் பிடித்தது வெள்ளைச் சோறுதான். அதன் நன்மைகளை விளக்கியபின், விலையும் கட்டுப்படியாகிக் கடையிலும் கிடைத்தால் மாறத் தயார் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். 2014இல் வந்த இன்னொரு சிறு ஆய்வில், உடல் எடை கூடிய 15 பேர் ஐந்து நாள் பழுப்பரிசி உண்டபோது, வெள்ளை அரிசி உண்ட நாட்களைவிட ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. மூன்று மாதம் நடந்த பெரிய சோதனையில் எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. தொப்பை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று பல சிக்கல்கள் ஒன்றுசேர்ந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆகவே இது மாத்திரைக்கு மாற்று ஆகாது. பருப்பும் காயும் கூடி, சோற்றின் அளவு குறைந்தால்தான் இதன் வேலை முழுமையாகும்.

சோறாகச் சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்கு இட்லி மாவு இருக்கிறது. இட்லி அரிசியில் பாதியைப் பழுப்பரிசியாக மாற்றுங்கள். கிரைண்டர் தோலைத் துகளாக்கிவிடுவதால் கடிக்கும் தொல்லை இல்லை. மாவு புளிக்கும்போது இன்னொரு நன்மையும் நடக்கிறது. அலூரோன் அடுக்கில் ஃபைட்டிக் அமிலம் என்றொரு பொருள் உண்டு; இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு நம் குடலுக்கு விடாது. புளிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி சிதைந்து அந்தப் பிடி தளர்கிறது. இட்லி கொஞ்சம் தாழ்ந்து வரும், உளுந்தைச் சற்றுக் கூட்டினால் சரியாகும். தோசையோ மொறுமொறுவென்று அருமையாக வரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அரைத்ததும் சுவர் இடிந்துவிட்டது. நார்ச்சத்தும் வைட்டமினும் தாது உப்புகளும் மாவில் அப்படியே இருக்கும். சர்க்கரையைத் தாமதப்படுத்தும் வேலை குறைந்துவிடும். வளரும் பிள்ளைக்கு இது பொருட்டில்லை. சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு முழு அரிசியாக வேகவைத்ததே நல்லது.

புழுக்காத பழுப்பரிசி வாங்கினால் அதன் உயிரையே வேலைக்கு வைக்கலாம். ஒரு நாள் ஊறவைத்து, இடையில் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஈரத்துணியில் மூடி வையுங்கள். முளைக்கரு விழித்துக்கொண்டு ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அலூரோன் அடுக்குக்கு அனுப்பும். நெற்பயிரைக் கண்டபடி உயரமாக வளரவைத்த ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்தபோது ஜப்பானில் கண்ட பொருள் அது. செய்தி கிடைத்ததும் அலூரோன் செல்கள் அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். காபா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமினோ அமிலமும் பல மடங்கு பெருகும். முனையில் ஒரு மில்லிமீட்டர் முளை எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, அலசிச் சமைத்தால் சோறு மென்மையாகவும் லேசான இனிப்போடும் இருக்கும். ஜப்பானில் இதைப் பொட்டலமாகவே விற்கிறார்கள். முளைப்புக்கு அவர்கள் நீரை 30 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கிறது. நம் சமையலறையில் ஆண்டின் பாதி நாள் அந்தச் சூடு இலவசம்.

தோலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிலத்திலும் பாசன நீரிலும் ஆர்சனிக் இருந்தால் அது தவிட்டில்தான் அதிகம் சேர்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கும் நம் பழைய முறை அதில் கணிசமான பகுதியை வெளியேற்றிவிடும். கூடவே கொஞ்சம் வைட்டமினும் போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பழுப்பரிசியில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடுதல் என்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டே மாற வேண்டும்.

தோலோடு கூடிய அரிசிக்குப் பிள்ளைகள் போட்டி போடும் வீடுகளும் நம் நாட்டில் உண்டு. செட்டிநாட்டுக் கலியாணப் பந்தியில் கவுனியரிசி வருகிறதே, அது தீட்டாத கறுப்பரிசி. முந்தின இரவே ஊறவைத்து, அவித்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலமும் சேர்ப்பார்கள். ஊறும் நீரிலேயே கருநீலமாகக் கரைந்து இறங்குவது ஆந்தோசயனின், நாவற்பழத்தில் இருக்கும் அதே வகை நிறமி. ஆகவே ஊறிய நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் அவர் பங்கைத் தனியே எடுத்து, உப்பும் மோரும் சேர்த்துக் கஞ்சியாகக் கொடுக்கலாம். பல்லுக்கும் வேலை இல்லை.